சுவீடனா, சுவிட்சர்லாந்தா, அப்பாவின் மீசையா

போடிநாயக்கனூர்
10-9-1953

என் பிரியமுள்ள ஞானபாக்கியம் அக்காவுக்குத் தங்கை லில்லி எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் மீசையும் சுகம். ஞாயிற்றுக்கிழமை உன் மகனின் ஞானஸ்நானத்துக்கு அப்பா மீசையோடுதான் வருவார். இதை முதலில் எழுதக் காரணம், நேற்று மத்தியானம் வரை அது சந்தேகமாக இருந்தது.

திங்கட்கிழமை மதுரை ஏஜெண்டிடமிருந்து கார்டு வந்தது. பத்து மூட்டை ஏலக்காய் வேண்டுமாம். யாருக்கு என்ற இடத்தில் 'சுவ' மட்டும் தெரிந்தது, மிச்சமெல்லாம் தபால் முத்திரைக்குள் போய்விட்டது. அப்பா அதைச் சுவீடன் என்றார். ஏலக்காய்க் கடைக் கூட்டாளி தங்கப்பாண்டி மாமா சுவிட்சர்லாந்து என்றார். "பத்து மூட்டை திங்க ஆளு வேணாமா? எங்க சனம் சாஸ்தியோ அந்த நாடுதான்" என்று அப்பா சொல்ல, "சரி மாப்ளே, சனம் கம்மியான நாட்டைச் சொன்னவன் மீசையை எடுத்துரணும்" என்று மாமா சொல்ல, கடையில் இருந்த அத்தனை பேரும் சாட்சியாகிவிட்டார்கள். உடனே நீ எனக்குத் தந்த பழைய பூகோளப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார்கள். அதில் 1920-ல் சுவீடனில் ஐம்பத்தொன்பது லட்சம், சுவிட்சர்லாந்தில் முப்பத்தொன்பது லட்சம். அப்பா மீசையை முறுக்கினார். மாமாவோ, "அது அந்தக் காலத்துக் கணக்கு. சுவிட்சர்லாந்துக்காரன் முப்பது வருசமா சும்மாவா இருந்திருப்பான்?" என்றார். அம்மா என்னை உள்ளே போகச் சொன்னாள்.

நேற்று மாமா வாசகசாலையிலிருந்து புதுப் புத்தகம் வாங்கி வந்தார். பொடி எழுத்து. இரண்டு பேருக்குமே கண் தெரியவில்லை. "லில்லி, நீ வாசி ஆத்தா" என்றார்கள். வாசலில் பத்துப் பதினைந்து ஆம்பளைகள். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் வெளி ஆள் முன்னால் வாய் திறந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். கடையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதுபோல அப்பா என் கைமேல் துண்டைப் போட்டு, "விரல்ல சொல்லு" என்றார். சுவீடனுக்கு ஏழு விரல் கொடுத்தேன். அப்பா முகம் வெளுத்துவிட்டது. "ஏழு லட்சமா? ஐம்பத்தொன்பது இருந்துச்சே, மிச்சச் சனமெல்லாம் எங்க போச்சு?" "கொள்ளை நோயா இருக்கும்" என்று மாமா சவரக் கத்திக்கு ஆள் அனுப்பப் போனார். விரல் ஏழைச் சொல்லுமே தவிர எழுபதைச் சொல்லுமா? வாயால்தானே சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, "விரலுக்குப் பத்து லட்சம், அப்பா! சுவீடன் எழுபது லட்சம்! சுவிட்சர்லாந்து நாற்பத்தேழு!" என்று கத்திவிட்டேன். தெரு முனைவரை கேட்டதாம். முன்பு இருபது லட்ச வித்தியாசம், இப்போது இருபத்துமூன்று. மாமா போய் மீசையை எடுத்துவிட்டு வந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மூட்டையில் 'சுவீடன்' என்று என்னையே எழுதச் சொன்னார்கள்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைக்குத் தேவ ஆசீர்வாதமும் என் முத்தமும்.

உன் அன்புத் தங்கை,
லில்லி

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது ஏஜெண்டே பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர் எழுதியது சுவீட்டுக்காரர்களுக்கு என்று. மதுரையில் அல்வா கிண்டுகிறவர்களாம். தங்கப்பாண்டி மாமா, "என் மீசையை ஒட்ட வையி, இல்லேன்னா உன்னதை எடு மாப்ளே" என்று திண்டாட வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ரயிலடியில் அப்பாவை மீசையை வைத்துத் தேடாதே. நானும் கூட வருகிறேன், நானே கத்திக் கூப்பிடுகிறேன்.