இன்னொருதரம் அண்ணன் எண்டர் தட்டிய வெள்ளிக்கிழமை

உலகத்திலேயே ஒரு எண்டர் பட்டனைத் தட்ட அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் மனிதர் திண்டிவனத்தில் இருக்கிறார். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்ல வேண்டியது தனியாக இருக்கிறது, பின்னால் வரும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில், ஒரு செருப்புக் கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவே அவர் கடை. ஆன்லைன் விண்ணப்பம், ஜெராக்ஸ், லேமினேஷன். பலகையில் அவர் பெயரைப் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் பக்கத்துப் பேக்கரிக்காரரே உதட்டைப் பிதுக்குவார். ‘இன்னொருதரம் கடை’ என்று கேளுங்கள், மயிலத்தில் பஸ் ஏறும்போதே கண்டக்டர் வழி சொல்லிவிடுவார்.

பிறந்த தேதியைச் சொன்னால், “இன்னொருதரம் சொல்லுங்க.” போன் நம்பரைச் சொன்னால், “இன்னொருதரம்.” டீ கொண்டுவருபவர் “டீ, ணா” என்று வைத்தால் அதற்கும் இன்னொருதரம். சாயங்காலம் ஷட்டரை இறக்கிப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பத்தடி நடந்து, திரும்பி வந்து இழுத்துப் பார்த்து, பேக்கரிக்காரரைக் கூப்பிட்டு அவரையும் ஒருதரம் இழுக்கச் சொல்வார். இவருடைய கல்யாணப் பத்திரிகையை இவரே பிழை பார்த்ததில், தாலி கட்டி ஒரு வாரம் கழித்துத்தான் பத்திரிகை அச்சாகி வந்தது என்று ஊரில் பேச்சு.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. காஸை மூடினேனா என்று பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பி வருகிறவள். வந்து பார்த்தால் மூடித்தான் இருக்கும். மறுபடியும் நிறுத்தத்துக்குப் போகும்போது, பார்க்கிறேன் என்று திறந்துவிட்டேனோ என்று தோன்றும். அதனால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டு சந்தேகப் பிராணிகள் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்த விண்ணப்பமானாலும் அனுப்புவதற்கு முன் மூன்றாவது ஆள் ஒருவர் அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். “எழுதிக் குடுத்தவங்க கண்ணுக்கும் தப்பு தெரியாது, தட்டுனவன் கண்ணுக்கும் தெரியாது. சம்பந்தமே இல்லாத கண்ணுக்குத்தான் தெரியும்” என்பார். அந்தச் சம்பந்தமில்லாத கண், அப்போது வரிசையில் நிற்கிற யாருடையதாகவும் இருக்கலாம். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வந்தவர் உங்கள் பத்தாம் வகுப்பு மார்க்கைப் படிப்பார். நீங்கள் அவர் மாமியாரின் வயதைப் படிப்பீர்கள். ஒரு கல்யாணப் பதிவு விண்ணப்பத்தைப் பூக்காரம்மா படித்தபோதுதான் மாப்பிள்ளைக்கு அது இரண்டாவது கல்யாணம் என்று பெண் வீட்டாருக்கே தெரிந்ததாம்.

இப்படிப்பட்ட மனிதரிடம் நான் ஏன் போனேன்? என் மகள் பிரின்சிக்காக.

நான் பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு கல்யாணமானவள். பிரின்சிக்குப் பதினேழு வயது. பஸ்ஸில் இருவரும் ஏறினால் அக்கா தங்கச்சியா என்று கேட்பார்கள், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குத் தடய அறிவியல் படிக்க வேண்டும். சென்னைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் அது இருக்கிறது. பிளஸ் டூ பரீட்சைக்கு முன்பே, பிளஸ் ஒன் மார்க்கை வைத்து முதல் சுற்றிலேயே இடம் கொடுக்கிறார்கள். ஆனால் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. கல்விக் கட்டண உதவியும் கிடைத்தால்தான் அவள் போக முடியும். இல்லையென்றால் பக்கத்தில் எது கிடைக்கிறதோ அது. நான் கணிதம் படித்தது அப்படித்தான். பக்கத்தில் அதுதான் கிடைத்தது.

என் கணவர் விழுப்புரத்தில் ஒரு மோட்டார் பம்ப் கடையில் வேலை செய்கிறார். அந்தக் கடைக்கு எதிரே ஒரு பிரௌசிங் சென்டர். அங்கேதான் சேர்க்கை விண்ணப்பத்தைப் போட்டோம். பத்தே நிமிடம். யாரும் எதையும் சத்தமாகப் படிக்கவில்லை.

“ஸ்காலர்ஷிப் ஃபாரம்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் மார்ச்லதான்க்கா. டென்ஷன் ஆவாதீங்க” என்றார் அங்கிருந்த பெண்.

டென்ஷன் ஆகாதீர்கள் என்று யாராவது சொன்னால்தான் எனக்கு டென்ஷன் தொடங்கும். ஒரு புதன்கிழமை, கல்லூரியின் விவரக் கையேட்டை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொருதரம் கடைக்குப் போனேன். எடுத்தோமா, கொடுத்தோமா என்று இருக்க மாட்டாரா மனிதர்? ஸ்டூலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். பத்தொன்பதாவது பக்கத்தில் நிறுத்தினார்.

“மார்ச்சுன்னு யாரும்மா சொன்னது?”

“விழுப்புரத்துல, ணா.”

“மார்ச்சு ரெண்டாவது சுத்துக்கு. நீங்க போட்டது மொத சுத்து. மொத சுத்துல போட்டவங்க உதவிக்கும் அதே சுத்துலயே போட்டுடணும். வர்ற வெள்ளிக்கிழம சாயந்தரம் அஞ்சு மணியோட கதவ மூடிடுவாங்க. இன்னொருதரம் படிங்க.”

படித்தேன். வெள்ளிக்கு இன்னும் இரண்டே நாள். ஆனால் வருமானச் சான்றிதழை நான்கு மாதம் முன்பே, எதற்கும் இருக்கட்டும் என்று தாலுகா ஆபீசில் வாங்கி வைத்திருந்தேன். பெருமையாகப் பையிலிருந்து நகலை எடுத்து நீட்டினேன்.

“நகல் மங்கலா கீது. நாளைக்கு ஒரிஜினல எடுத்தாங்க.”

வியாழக்கிழமை ஒரிஜினலோடு போனேன். பிரின்சியின் போட்டோவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“காது தெரியலயே.”

“காது வேணும்னு ஃபாரத்துல போடலயே, ணா?”

“வேணாம்னும் போடல இல்ல?”

அன்று சாயங்காலம் ஸ்டூடியோவில் என் மகள் இரண்டு காதுகளையும் உலகத்துக்குக் காட்டியபடி, என்னை முறைத்தபடி, போட்டோ எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடையில் இருந்தேன். கடைத்தெரு முழுக்கக் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு எல்லாம் கடிகாரமாகத் தெரிந்தது. கைப்பைக்குள் கையை விட்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டே, வரவு எழுதும் என் நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் இரண்டுதரம் கேட்டுத் தட்டினார். நான்கு மணிக்கு அரையாண்டுப் பரீட்சையை முடித்துவிட்டு யூனிஃபார்மோடு பிரின்சி வந்தாள்.

“இன்னும் முடியலயா? ம்மா, மொதல்ல நீ மூச்சு விடு.”

முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் நாற்காலியைத் திருப்பினார். வரிசையில் பட்டா நகல் எடுக்க வந்த பெருமுக்கல் ஊர்க்கார விவசாயி ஒருவர், தோளில் துண்டோடு நின்றிருந்தார்.

“அண்ணா, ஒரு கை குடுங்க. இத படிங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்து மாட்டுவதற்குள் மணி நான்கு பத்து.

“பாடம், தடய அறிவியல். இன்னாம்மா இது?”

“கொல நடந்த எடத்துல ரத்தம், கைரேக எல்லாம் பாத்து யாரு செஞ்சாங்கன்னு கண்டுபுடிக்கிறது, மாமா” என்றாள் பிரின்சி.

“அப்ப உன்ன கட்டிக்கப்போறவன் ஒரு தப்பும் பண்ண முடியாது.”

“மாப்ளயே வர மாட்டான் போ” என்றார் பின்னாலிருந்த ஒரு அம்மா.

“வர்றவன் நல்லவனா வருவான்” என்றார் பேக்கரிக்காரர். அவர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை.

கடை முழுக்க என் மகளின் கல்யாணத்தைப் பேசி முடித்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விவசாயி வீட்டு முகவரியைப் படித்தார். என் கணவரின் சம்பளத்தைச் சபைக்கு அறிவித்தார். எனக்குக் காது சூடானது. அடுத்த வரியில் அவர் நின்றுவிட்டார்.

“ஏம்மா, இந்த வெவசாய வருமானம் மெய்யாலுமா?”

“ஆமாங்க. ஒன்னேகால் ஏக்கர். மல்லாட்டை.” வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

“ஒன்னேகால் ஏக்கரா மல்லாட்டையில இம்மாம் துட்டா? எந்த ஊரும்மா அது? எனக்கும் ஒரு துண்டு வாங்கிக் குடு, நான் எதுக்கு இங்க வரிசையில நின்னுக்கினு கீறேன்?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்தது. “நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேங்க. மார்க்கெட் கமிட்டியில மூட்ட போட்டு வித்த சீட்டு கூட இருக்கு. மூணு தடவ சரிபாத்தேன்.”

“அது மூட்ட போட்ட துட்டும்மா. வெத யாரு குடுத்தா? ஏர் ஓட்டுனவனுக்கு, கள எடுத்தவளுக்கு, மல்லாட்டை ஆய வந்தவங்களுக்கு எல்லாம் உன் வூட்டுக்காரரு கும்புடு போட்டு அனுப்பிச்சிட்டாரா? அதெல்லாம் கழிச்சி மிஞ்சறதுதாம்மா வருமானம்.”

அண்ணன் வருமானச் சான்றிதழை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். தாசில்தார் செலவைக் கழித்துப் போட்டிருந்தார். நான் விற்ற பணத்தை அப்படியே சொல்லியிருந்தேன். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. மூன்று தடவை சரிபார்த்தேன் என்றேனே, மூன்று தடவையும் நோட்டை நோட்டோடுதான் பார்த்திருக்கிறேன்.

“இப்படியே போயிருந்தா, பொய் கணக்குன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க” என்றார் அண்ணன். மணி நான்கு முப்பத்தைந்து. அந்த ஒரு வரியை மாற்ற முதல் பக்கத்திலிருந்து வர வேண்டும். வந்தார். மாற்றினார். பிறகு நாற்காலியைத் திருப்பினார்.

“அண்ணா, இன்னொருதரம் படிங்க.”

அப்போதுதான் நான் கத்தினேன். “ணா! மணியப் பாருங்க! அஞ்சு மணிக்கு மூடிட்டா எம்பொண்ணு எங்க போவா? நீங்க படிச்சிக்கினே இருங்க!”

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “தப்பா போட்டுட்டு, நேரத்துக்குப் போட்டோம்னு சொல்லி இன்னாம்மா பிரயோஜனம்?” என்றார்.

அவர் சொன்னது சரிதான். சரியாக இருந்ததே எனக்கு எரிச்சலாக இருந்தது.

விவசாயிக்குத்தான் மனசு கேட்கவில்லை. “யோவ், அந்தப் பொண்ண பேஜாரு பண்ணிக்கினு” என்று அண்ணனைத் திட்டிக்கொண்டே, ஏலம் விடுகிற வேகத்தில் முழுவதையும் படித்து முடித்தார். தப்பில்லை. அடுத்தது ஓடிபி. அது விழுப்புரத்தில் இருக்கிற என் கணவரின் போனுக்குப் போனது. ஸ்பீக்கரில் போட்டேன். அவர் ஆறு எண்களையும் தெளிவாகச் சொன்னார்.

“இன்னொருதரம் சொல்லச் சொல்லுங்க” என்றார் அண்ணன்.

இன்னொருதரம் சொல்லி முடிப்பதற்குள் ஓடிபி காலாவதி ஆகிவிட்டது.

அடுத்த ஓடிபி வந்தபோது நான் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டேன். “ஜல்தியா சொல்லுங்க, ஒரே ஒரு தரம்” என்று கேட்டு, கையை நீட்டி நானே தட்டினேன். திரையில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று வந்தது. அண்ணன் விரலைத் தூக்கினார். எண்டர் பட்டனுக்கு மேலே அது அந்தரத்தில் நின்றது. இறங்கியது. மறுபடி ஏறியது.

“அந்த போட்டோல காது…”

“அண்ணா!” என்று நான், பிரின்சி, விவசாயி, பேக்கரிக்காரர், பின்னாலிருந்த அம்மா எல்லாரும் ஒரே குரலில் கத்தினோம்.

தட்டிவிட்டார். மணி நான்கு ஐம்பத்து மூன்று.

ஒப்புகைச் சீட்டை மூன்று பிரதி எடுத்தார். எனக்கு ஒன்று, பிரின்சிக்கு ஒன்று. மூன்றாவதை அவருடைய ஃபைலில் வைத்துக்கொண்டார். “உங்களுக்கு எதுக்கு, ணா?” என்றேன். “நீங்க ரெண்டு பேரும் தொலச்சிட்டா?” என்றார்.

இனி இந்தக் கடைப் படியை மிதிப்பதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். வீட்டில் முழுக் கதையையும் ஆத்திரத்தோடு சொன்னேன். என் கணவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். “உனக்கு திண்டிவனத்துல கூடப் பொறந்த அண்ணன் ஒருத்தரு இருக்காருன்னு உங்க வூட்டுல எங்கிட்ட சொல்லவே இல்லயே” என்றார்.

பொங்கல் முடிந்து ஒரு நாள், கல்லூரியிலிருந்து பிரின்சியின் போனுக்குச் செய்தி வந்தது. முடிவு வெளியாகிவிட்டது, பார்த்துக்கொள்ளவும் என்று. பார்த்தோம். அவள் ஒருமுறை பார்த்துவிட்டுக் குதித்தாள். நான் பன்னிரண்டு முறை பார்த்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றிப் பார்த்தேன். போன் திரை சின்னது, ஏதாவது தப்பாக இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் எங்கே போனேன் என்று உங்களுக்கே தெரியும்.

நாங்கள் படியேறும்போதே அவர் ஃபைலிலிருந்து அந்த மூன்றாவது பிரதியை எடுத்துவிட்டார். விண்ணப்ப எண்ணைத் தட்டி, திரையை என் பக்கம் திருப்பினார். வரிசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். படித்தேன். மகளின் பெயர். தடய அறிவியல். பொதுத்தேர்வில் தேர்ச்சி பெறும் நிபந்தனையுடன் இடம் ஒதுக்கப்படுகிறது. கல்விக் கட்டண உதவி முழுமையாக வழங்கப்படுகிறது.

“இன்னொருதரம் படிங்க” என்றார்.

எந்த எழுத்தில் தப்பு, எந்த எண்ணில் தப்பு என்று திரை முழுக்கத் தேடினேன். ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, பாட்டுக் கேட்கிறவர் மாதிரி கண்ணை மூடியிருந்தார்.

படித்தேன். அவர் கேட்காமலே, மூன்றாவது தரமும் படித்தேன்.