பாதி வயலுக்கு மட்டும் மஞ்சள் பலகை

திண்டுக்கல், நாகல் நகர்,
18-1-2006

அன்பும் பண்பும் முனைவர் பட்டமும் நிறைந்த மாப்பிள்ளை சார்லசுக்கு, உன் அக்காள் வியாகுலம்மாளைக் கட்டிய பாவி பாக்கியராஜ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். உன் மகள் ஷைனி நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, உன் அக்காள் என்னோடு பேசவில்லை, எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மற்றபடி சுகம்.

அடுத்த வாரம் திருச்சியில் நீ நடத்தும் பயிலரங்கத்தில், ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஆராய்ச்சியைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியும்படி சொல்வது எப்படி என்று நான் ஒரு மணி நேரம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருக்கிறாயே, அந்தப் பெயரை எடுத்துவிடு. யாராவது கேட்டால் எனக்கு மஞ்சள் காமாலை என்று சொல். பாதி உண்மைதான், கண்ணை மூடினால் எல்லாம் மஞ்சளாகத்தான் தெரிகிறது.

வாரப் பத்திரிகையில் நாலு துணுக்கு வந்த தைரியத்தில் ஒப்புக்கொண்டேனே தவிர, ஆராய்ச்சியை நான் எங்கே கண்டேன்? ஒத்திகை பார்க்க ஓர் ஆராய்ச்சியாளர் கிடைத்தால் தேவலை என்று தேடினால், நம் வீட்டிலேயே ஒன்று உட்கார்ந்து ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஷைனி ஆத்தூரில் உடையப்பனின் தக்காளி வயலில் பாதிக்கு விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பலகைகளைத் தொங்கவிட்டிருப்பதும், மஞ்சளைப் பார்த்து வருகிற, இலைச்சுருட்டு நோயைப் பரப்புகிற வெள்ளை ஈ அதில் ஒட்டிச் சாவதும், மறுபாதியைச் சும்மா விட்டு இரண்டையும் அறுவடைவரை ஒப்பிட்டால்தான் அவள் பட்டத்துக்கு வழி என்பதும் உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

“எங்க ஆத்தா, என்னைய வெள்ளாமை பாக்குற ஒரு சம்சாரின்னு நெனச்சுச் சொல்லு” என்றேன்.

“பலகை வச்சா இலைச்சுருட்டு கொஞ்சம் கொறையலாம்னு தோணுது மாமா. ஒரு பாதில வச்சிருக்கோம், ஒரு பாதில வைக்கல. அறுவடை முடிஞ்சாத்தான்…”

“கொறையலாம், தோணுது, முடிஞ்சாத்தான்! இம்புட்டு இழுத்தா எவன் நின்னு கேப்பான்? பலகை வச்சா ஈ சாகும். அம்புட்டுத்தான். வைக்காத பாதியப் பத்தி எவன் கேட்டான்? வெட்டு.”

“ஆனா மாமா…”

“ஆனாவையும் வெட்டு.”

வெட்டினாள். பெரியவர்கள் சொன்னால் கேட்கிற பிள்ளையாக வளர்த்திருக்கிறாய், அது உன் தவறு.

அதோடு விட்டேனா? நிஜமான ஜனங்கள் முன்னால் பேசிப் பார்த்தால்தான் கூச்சம் போகும் என்று பொங்கலுக்கு முன்னால் அவளை ஆத்தூருக்கே கூட்டிக்கொண்டு போனேன். கூடவே மைக்செட் வீரன். ஜவுளிக்கடைத் தள்ளுபடிக்கும் அவன்தான், இழவுச் செய்திக்கும் அவன்தான், இரண்டுக்கும் ஒரே குரல். அறிமுகமாக ரெண்டு வார்த்தை சொல்லடா என்று மைக்கைக் கொடுத்தேன். “பூச்சிகளின் எமன், திருச்சி ஈன்றெடுத்த விஞ்ஞானச் சிங்கம்! இனி மருந்து வேண்டாம், கடன் வேண்டாம், மஞ்சள் ஒன்றே போதும்!” என்று அவன் ஆட்டோவோடு ஊரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டான். ஷைனி பேசியது அதற்குப் பிறகு நாலே வாக்கியம். நான் வெட்டியது போக மிஞ்சியது அதுதான். கைதட்டல் பிரமாதம். நான்தான் அதிகம் தட்டினேன்.

பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்துவிட்டு ஷைனி நேற்று வயலுக்குப் போனாள், நானும் போனேன். ஊர் முழுக்க மஞ்சள். வேலியில் மஞ்சள் சேலை, மோட்டார் கொட்டகையில் மஞ்சள் துண்டு, எல்லாவற்றிலும் விளக்கெண்ணெய் வழிகிறது. சிரித்துக்கொண்டே உடையப்பன் வயலுக்கு வந்தால், சும்மா விட்ட பாதியில் வரிசையாக மஞ்சள் தாம்பூலப் பைகள். அவர் மகள் கல்யாணத்தில் மிஞ்சியவை. மணமக்கள் பெயர்மேல் ஈ ஒட்டிக் கிடக்கிறது.

“பாவம், புள்ள பலகை பத்தாம பாதிய விட்டுட்டுப் போயிருச்சேன்னு மனசு கேக்கல தாயி. ஒரு வாரமாத் தொங்குது. ஒரு செடிய விடல” என்றார் உடையப்பன், பெருமையாக.

ஷைனி வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மாமா, அந்த வைக்காத பாதிதான் மாமா என் ஆராய்ச்சி” என்றாள்.

பிறகு அவளே எழுந்து உடையப்பனிடம் நிதானமாகச் சொன்னாள்: “ரெண்டு பக்கமும் ஒன்னா இருந்தா, பலகையால கொறஞ்சுச்சா, தானாவே கொறஞ்சுச்சான்னு எப்படிங்கய்யா சொல்றது?”

“அட, இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் கைவைக்கப் போறேன்? எந்தக் கிறுக்கன் சொல்ல வேணாம்னது?”

நான் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, ஒரு பெண்ணின் ஓராண்டு உழைப்பை ஒரு மைக்கில் கெடுத்தவன் முப்பது ஆராய்ச்சியாளர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம். தங்கச்சிக்கு என் விசாரிப்பு. மாதா உங்களைக் காக்கட்டும், என் அறிவுரையிலிருந்தும் காக்கட்டும்.

இப்படிக்கு,
வாயடைத்துப்போன
பாக்கியராஜ்

பின்குறிப்பு: மேலே உள்ளது எதையும் கணக்கில் கொள்ளாதே. இன்றும் வயலுக்குப் போயிருந்த ஷைனி, உறை ஒட்டுமுன் ஆத்தூரிலிருந்து ஓடிவந்தாள். வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் ஒச்சாயி என்கிற அம்மாளின் வயல். உடையப்பன் வாங்கிய அதே நாற்று, அதே வாரம் நட்டது. ஊரே மஞ்சள் கட்டியும் அந்த அம்மாள் கட்டவில்லை. உடையப்பனோடு வாய்க்கால் தண்ணீர்த் தகராறாம். “அந்தாளு தொங்கவிட்டத நான் தொங்கவிடுவேனா? தக்காளி போனாலும் போகட்டும்” என்றாராம். “முழுசா ஈடாகாது மாமா, ஆனா ஒப்பிட்டுப் பாக்கலாம். அறுவடை வரைக்கும் அவுக ரெண்டு பேரும் ராசியாகக் கூடாது, அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். இதை ஊருக்குச் சொல்லும் விதத்தை அவளே பயிலரங்கத்தில் சொல்வாள். சொல்லக் கூடாத விதத்துக்கு நான் இருக்கிறேன், என் பெயர் இருக்கட்டும். இதற்குமேல் எழுத நேரமில்லை. அடுப்படியில் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த உன் அக்காள், “பாவம், பக்கத்து வயக்காரவுக பேசாம இருக்கலாமா, நான் போயிச் சேத்து வச்சுட்டு வாரேன்” என்று ஒரு தூக்குவாளி முறுக்கோடு ஆத்தூர் பஸ் ஏறிவிட்டாளாம். நான் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன்.