பதினொரு ரவுடிகளும் ஒரு அப்பாவும்

இந்த வீட்டில் என் பேச்சும் ஒருமுறை நடக்க வேண்டும் என்று சனிக்கிழமை காலை முடிவெடுத்தேன். பல் துலக்கும்போது எடுத்த முடிவு. வாய் கொப்பளித்த பிறகும் மாறவில்லை. ஆகவே உறுதியான முடிவுதான்.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகளுக்குப் பதினைந்து வயது. தற்காப்புக் கலை வகுப்பில் சேர வேண்டும் என்று பத்து நாளாக நச்சரிக்கிறாள். சேரட்டுமே என்கிறாள் அவள் அம்மா. கூடாது என்கிறேன் நான். வீட்டில் இருப்பது மூன்று பேர். வாக்கெடுப்பு வைத்தால் என் கதி என்ன என்று உங்களுக்கே தெரியும். உண்மையைச் சொல்கிறேன், பென்சில் சீவும்போது அவள் விரலில் கீறல் பட்டாலே பஞ்சு தேடி வீட்டையே புரட்டிப்போடுவேன். கையைக் காலை உடைத்துக்கொண்டு வந்து நின்றால்? ஆனால் பயமாக இருக்கிறது என்று ஒரு குடும்பத் தலைவன் சொல்ல முடியுமா? அதனால் காரணம் சொல்லாமல் 'கூடாது' என்று மட்டும் சொல்லிவந்தேன்.

அலுவலகத்தில் எனக்கு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் நான் கற்ற பாடம் ஒன்றுதான். எந்த விண்ணப்பத்தையும் நிராகரிக்கவே கூடாது. நிராகரித்தால் மேல்முறையீட்டுக்குப் போவார்கள். 'ஐயா, எனக்கு இது வேண்டவே வேண்டாம்' என்று விண்ணப்பதாரரே எழுதிக் கொடுத்துவிட்டு ஓடும்படி செய்ய வேண்டும். இந்த வித்தையில் எங்கள் மாடியில் என்னை மிஞ்ச ஆளில்லை.

அதை வீட்டிலும் காட்டத் தீர்மானித்தேன். பக்கத்து மேசைக்காரர் ஒரு படம் சொல்லியிருந்தார். கதாநாயகிக்குப் பத்தொன்பது வயது. பார்சல் கொடுக்கப் போன கட்டடத்தில் பதினொரு ரவுடிகளிடம் மாட்டிக்கொள்கிறாள். மாடிக்கு மாடி அடி. "படம் முடியறப்போ அந்தப் பொண்ணு உடம்புல உடையாத எலும்பு ஒண்ணு இருந்தா என்னைக் கேளுங்க சார்" என்றார் மனிதர். எனக்கு வேண்டியது அதுதானே! மகள் பார்ப்பாள். நடுங்குவாள். 'அப்பா, எனக்கு வகுப்பு வேண்டாம்பா' என்பாள். 'உன் இஷ்டம்மா' என்று நான் பெருந்தன்மையாகத் தலையைத் தடவிக்கொடுப்பேன்.

"இன்னிக்கு மத்தியானம் எல்லாரும் ஒரு சண்டைப் படம் பார்க்கலாம்" என்றேன் மனைவியிடம்.

"யாரு, நீங்களா? செய்தியில ரெண்டு பேரு சட்டையைப் பிடிச்சாலே சேனலை மாத்துவீங்களே?"

"பாப்பாவுக்காகப் பார்க்கறேன். அடி உதைன்னா என்னன்னு அவளும் தெரிஞ்சுக்கட்டும். கடைசி வரைக்கும் கண்ணை மூடாம பார்த்துட்டா வகுப்புல சேர்த்துடறேன். மூடிட்டா அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"நீங்க மூடிட்டா?"

"நானா?" சிரித்தேன். "நான் மூடினா அவ ஜெயிச்ச மாதிரி."

"சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இந்த வாக்கியத்தை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும். காதில் தேன் பாய்ந்துவிட்டது, மூளை வேலை செய்யவில்லை.

திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படத்தைப் போட்டோம். மகள் தரையில் கடலைக் கிண்ணத்தோடு. மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டு. நான் சோபாவில், மடியில் ஒரு குஷனோடு.

முதல் மாடியிலேயே அந்தப் பெண்ணுக்குக் கன்னத்தில் ஓர் அறை. "ஐயோ!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். இருமி மழுப்பினேன்.

இரண்டாவது மாடியில் ஒரு தடியன் அவள் தலைமுடியைப் பிடித்து லிஃப்ட் கதவில் மோதினான். ஆவலோடு மகளைப் பார்த்தேன். கடலையை மென்றுகொண்டிருந்தாள்.

"பயமா இருக்காம்மா?"

"எரிச்சலா இருக்குப்பா. முடியைப் பிடிச்சா பின்னால இழுக்கவே கூடாது. அவன் கையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு அவன் பக்கமாவே போகணும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எல்லாம் பொது அறிவுதாங்க" என்றாள் மனைவி, துண்டை உதறியபடி.

ஐந்தாவது மாடியில், "இப்போ இடது கால் வரும் பாருங்க" என்றாள் மகள். வந்தது. ஒருவன் படியில் உருண்டான். ஏழாவது மாடியில் கத்தி வந்தது. குஷன் தானாக மேலே எழும்பி என் முகத்தை மூடிக்கொண்டது. சத்தியமாக நான் தூக்கவில்லை.

"என்னங்க, குஷனுக்குள்ள என்ன படம் ஓடுது?"

"கண்ணுல தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

"வீட்டை ஒழுங்காப் பெருக்கினா தூசி எங்கேருந்து வரும்?"

"காலையில பெருக்கினது நீங்கதான்."

அதற்குப் பிறகு படத்தைக் காதால் மட்டுமே பார்த்தேன். ஏதோ ஓர் அமைதி வந்ததும் ஒரு கண்ணைத் திறந்தேன். மொட்டை மாடி விளிம்பில் அந்தப் பெண் ஒற்றைக் கையில் தொங்குகிறாள். மறு கையில் ஃபோன். நெற்றியெல்லாம் ரத்தம். "அப்பா, நான் வர கொஞ்சம் லேட்டாகும். நீங்க சாப்பிட்டுடுங்க" என்கிறாள்.

அவ்வளவுதான். உடைந்துபோனேன். என் பெண் எங்கோ இப்படித் தனியாகத் தொங்க, கை கொடுக்க நான் இல்லாமல் போனால்?

"பாவிங்களா! இந்தப் பொண்ணுக்கு யாராவது நாலு அடி ஒழுங்காக் கத்துக் கொடுத்திருக்கக் கூடாதா?" என்று கத்தியேவிட்டேன்.

டப்பென்று டிவி அணைந்தது.

"கேட்டியா பாப்பா? அப்பாவே சொல்லிட்டாரு" என்றாள் மனைவி. மடித்த துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. மூடி கழற்றிய பேனாவும் வந்தது. கண்ணீர் மறைத்த கண்ணோடு, கர்ணன் கவசத்தைக் கொடுத்த தோரணையில் கையெழுத்துப் போட்டேன்.

"வகுப்பு என்னிக்கு ஆரம்பம்?"

"ஆரம்பிச்சு ஆறு மாசம் ஆச்சு."

"என்னது? செவ்வாயும் வியாழனும் பாட்டு வகுப்புக்குல்ல போனா?"

"அப்படித்தான் சொன்னோம். ஆறு மாசத்துல ஒரு நாளாவது 'ஒரு பாட்டுப் பாடும்மா'ன்னு கேட்டீங்களா?"

பேச்சை மாற்றினேன். "அப்புறம் எதுக்குப் புதுசா சேரணும்னு பத்து நாளா நச்சரிச்சா?"

"மேடையில பார்த்து நீங்க திடீர்னு மயக்கம் போட்டுடக் கூடாதுல்ல? அதான் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கினோம்."

"மேடையா? அப்போ நான் எதுல கையெழுத்துப் போட்டேன்?"

மகள் காகிதத்தை எடுத்துக் கணீரென்று வாசித்தாள். "ஆண்டு விழா மேடையில் என் மகளுக்கு எதிராளியாக நின்று, மூன்று முறை தலைக்கு மேல் தூக்கிப் போடப்பட முழு மனதுடன் சம்மதிக்கிறேன்."

"நல்ல கனமான ஆளா வேணும்னாங்க" என்றாள் மனைவி. "நாலு நாளா இதை எப்படி நீட்டறதுன்னு முழிச்சுக்கிட்டிருந்தேன். நல்லவேளை, நீங்களே படத்தைப் போட்டீங்க."

ஒத்திகை இன்று மாலையே வேண்டுமாம். விழுவதற்கு இடம் போதாது என்று, சோபாவை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருப்பதும் நான்தான்.