முட்டுவதற்கு முன் நிரப்ப வேண்டிய படிவம்

ஒரு காட்டில் ஓடை ஒன்றுதான் இருந்தது. சித்திரை வந்ததும் அதுவும் வாய்க்கால் அளவுக்கு ஒல்லியாகிவிட்டது. இந்தக் கரையில் காட்டுப்பன்றிகள், அந்தக் கரையில் குரங்குகள். தண்ணீர் யாருக்கு என்று தினமும் சண்டை. பன்றி முட்டும், குரங்கு கல்லெறியும். நடுவில் போகிறவர்களுக்கு இரண்டும் கிடைக்கும்.

செம்பாயி என்ற கௌதாரிக்கு ஆறு குஞ்சுகள். இரண்டு நாளாக அதுகள் தண்ணீர் குடிக்கவில்லை. ஓடைவரை போய்க் கல்லடி பட்டுத் திரும்பியவள், மூன்றாம் நாள் காலையில் கடைக்குட்டி கண்ணைத் திறக்காமல் சுருண்டு கிடந்ததைப் பார்த்ததும், நேரே ஆயுதமில்லா அமைதிக் குழுவிடம் ஓடினாள்.

குழுவில் மொத்தமே மூன்று பேர். தலைவர் ஆமை, சொக்கன் என்ற கழுதை, புதிதாகச் சேர்ந்த வாத்து அன்னக்கொடி. பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு, பயந்தவர்களுக்குத் துணையாகக் கூடவே நடப்பதுதான் வேலை. யார் பக்கமும் பேசக் கூடாது, யாரையும் அடிக்கக் கூடாது. சொக்கன் தன் பின்னங்கால்களை ஆயுதம் என்று எழுதிக் கொடுத்து, உதைக்க மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தான். ஆமையின் ஓடு ஆயுதமா உடையா என்பதற்கு மட்டும் தலைமை அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

அடிதடி நடந்தால் எழுதி அனுப்ப ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கட்டு அன்னக்கொடியிடம் கொடுத்து, ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்ப வேண்டும் என்று ஆமை சொல்லியிருந்தார். எப்போது நிரப்ப வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டார்.

கடைக்குட்டியைச் சொக்கன் முதுகில் ஏற்றி, மற்றதுகளை நடுவில் விட்டு, எல்லோரும் நடந்தார்கள். ஓடைக்குப் பத்தடி இருக்கும்போது பன்றித் தலைவர் கட்டையன் மூச்சிரைக்க ஓடிவந்து மறித்தார். பின்னால் முப்பது பன்றிகள். சொக்கனின் பின்னங்கால் தானாகத் துடித்தது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அன்னக்கொடி படிவத்தை விரித்துப் பேனாவைத் திறந்தாள்.

"மாமா, முட்டப் போறீங்களா?"

"ஆமா."

"அப்ப பேரு சொல்லுங்க. அப்பா பேரோட."

கட்டையனிடம் இதுவரை யாரும் அப்பா பேரைக் கேட்டதில்லை. பெருமையாகவே சொன்னார். வயது, வசிக்கும் புதர், முட்டும் நேரம் எல்லாம் சொன்னார். அப்புறம் காரணம் என்ற கட்டம் வந்தது.

"தண்ணி எங்களுது."

"அப்படின்னா குரங்கைத்தானே முட்டணும்? குஞ்சை முட்டுறதுக்கு என்ன காரணம்னு படிவம் கேக்குது மாமா."

கட்டையன் திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். ஒரு பன்றி பழைய பகை என்றது, இன்னொன்று மரியாதைக் குறைவு என்றது. எந்தப் பகை, யாருக்கு மரியாதை என்று அவர்களுக்குள்ளேயே பேச்சு வளர்ந்தது. அதற்குள் அந்தக் கரைக் குரங்குகள், பன்றிக்கு மட்டும் படிவமா, நாங்கள் என்ன இளிச்சவாயர்களா என்று கல்லைக் கீழே போட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றன. மூன்று பிரதி வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், சாட்சி எதிர்க்கரைக்காரராக இருக்க வேண்டும் என்றாள் அன்னக்கொடி. பன்றிகள் குரங்குகளைத் தாஜா பண்ண ஆரம்பித்தன.

செம்பாயி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைக்குட்டியைச் சுமந்த சொக்கனோடும் மற்ற குஞ்சுகளோடும் வரிசையைச் சுற்றிக்கொண்டு ஓடைக்குப் போனாள். மற்றதுகள் தாமே குடிக்க, அலகை நனைத்துக் கடைக்குட்டியின் வாயில் சொட்டினாள். ஐந்தாவது சொட்டில் அது கண்ணைத் திறந்தது. ஆறாவதைத் தானே குடிக்க எழுந்து ஓடியது.

சாயங்காலம் ஆமை தலையை வெளியே நீட்டி அன்னக்கொடியைக் கடிந்துகொண்டார். அது அடிதடி நடந்த பிறகு நிரப்ப வேண்டிய படிவமாம்.

"நடந்த பிறகு கேட்டா யாருண்ணே நின்னு பதில் சொல்லுவா?" என்றாள் அவள், அடுத்த குரங்கின் அப்பா பெயரை எழுதிக்கொண்டே.

நீதி: ஒரு படிவத்துக்காக நாலு நடை நடக்கவிடும் ஆபீஸ்காரரைத் திட்டாதீர்கள், மூன்றாவது நடையிலேயே யாரை அடிக்கக் கிளம்பினோம் என்பது மறந்துவிடும்.