பன்னிரண்டாவது சட்டை

தெரியாமல்தான் எழுதினேன், சித்தப்பா.

வணக்கமும் நலம் விசாரிப்பும் இதற்கு முன்னால் வந்திருக்க வேண்டும். அன்புள்ள சிங்காரம் சித்தப்பாவுக்கு, உங்கள் அண்ணன் மகள் சுவேதா எழுதுவது. மலையில் ஒன்பது நாளாக யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. மற்றபடி ஆடுமாடு உட்பட எல்லோரும் சுகம். படவேட்டில் நீங்கள் தண்ணீர் பாய்ச்சும் வாழைத்தோப்பும் சுகம்தான் என்று நம்புகிறேன்.

புளி விற்கப் போன பாஞ்சாலை அத்தை இன்று காலை திரும்பி வந்தார். கூடையை இறக்கும் முன்னாலேயே, "உயிரோடதான் கீறாரு" என்றார். அம்மா அழுதாள். "அழுவாத. உன் பொண்ண ஒண்ணு கேக்கச் சொன்னாரு. நான் இன்னா போட்டுகினு இருந்தேன்னு தெரியாம எப்டிமா நோட்டீசு எழுதினன்னு. தோப்புக்காரர் பொண்ணு படிச்சிக் காட்டிச்சாம். அதுல கிளாடுன்னு இன்னாவோ கீதாமே, அது எந்த ஊர் துணின்னு வேற கேட்டாரு."

அது துணி இல்லை. வார்த்தை. அதிலிருந்தே சொல்கிறேன்.

நீங்கள் போன அன்றைக்கே நோட்டீஸ் அடிக்க முடிவாயிற்று. மேலே ஆங்கிலம், கீழே தமிழ். "பெங்களூருக்குத்தான் போயிருப்பான். அங்க தமிழ்ல ஒட்னா எவன் படிப்பான்? நீ படிச்ச படிப்புக்கு இப்பவாவது ஒரு வேலை வந்துச்சே" என்றார் அப்பா. பெயர் எழுதினேன். வயது நாற்பத்தாறு. கழுத்தில் மச்சம், அப்பாவுக்கு இருக்கிற அதே இடத்தில். உயரம்: "நம்ம வாசப்படில தல இடிக்கும்" என்றாள் அம்மா. படம் தேடினோம். நம் வீட்டு எந்தப் படத்திலும் நீங்கள் இல்லை. எல்லாப் படத்தையும் எடுத்தது நீங்கள்.

கடைசியாக, உடை.

அணிந்திருந்தார் என்பதற்கு ஆங்கிலத்தில் சாதாரண வார்த்தைகள் உண்டு. எனக்கு அவை போதவில்லை. உங்களுக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று 'கிளாட்' (clad) போட்டேன். பழைய வார்த்தை. துணி என்ற சொல்லிலிருந்தே முளைத்தது. சில நூற்றாண்டுகளுக்கு முன் உடுத்திய எவரையும் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு வேறொரு வடிவம் வந்து பேச்சிலிருந்து அதைத் தள்ளிவிட்டது. அது முழுக்கப் போய்விடவில்லை. பனி மூடிய மலை, இரும்பு போர்த்திய கப்பல், கொடி படர்ந்த சுவர் என்று எதையாவது பிடித்துக்கொண்டு பிழைத்தது. இன்று செய்தித்தாளிலும் கவிதையிலும் இருக்கிறது. வீட்டில் இல்லை. காலையில் சட்டை மாட்டும் எவனும் தன்னைப் பற்றி அப்படிச் சொல்வதில்லை. தள்ளி நின்று பார்ப்பவர் சொல்கிற வார்த்தை அது.

தள்ளி நின்றேன். பார்க்கவில்லை. அரை மணி நேரம் வார்த்தையைத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு, பழுப்புக் கட்டம் போட்ட சட்டை. யாரும் யோசிக்கக்கூட இல்லை. அண்ணன் அருண்ராஜின் நிச்சயத்துக்கு நம் பங்காளி வீட்டு ஆண்கள் எல்லோருக்கும் ஒரே துணியில் தைத்தோமே, அந்தச் சட்டை. நிச்சயப் படத்தில் ஒரே பழுப்பு. படம் எடுத்தவரும் அதில்தான் இருந்திருப்பார் என்று எழுதிவிட்டேன்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். உங்களைத் தேடி ஆளாளுக்கு ஒரு பக்கம் போனார்கள், போனவர்கள் எல்லோரும் இருப்பதில் நல்ல சட்டை என்று அதையே போட்டுக்கொண்டு போனார்கள், அதனால் முதல் நாள் மூன்று போன் வந்தது, மூன்றும் நம் ஆட்களைப் பற்றியே, ஒருவரைக் கலசப்பாக்கத்தில் ஆட்டோவில் ஏற்றியே விட்டார்கள், அதற்குள் அப்பா சந்தவாசலில் ஒரு டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுத் திரும்பினால் டீ மாஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டார், "யோவ், இதுல போட்டுக்கீறது நீதான?" என்று, அப்பா "இல்லபா, நான் தேட்றவன்" என்று சொல்ல, "காணாமப் போனவன் எவன் ஒத்துக்குவான்? சட்ட ஒத்து வருது, கழுத்துல மச்சம் ஒத்து வருது. குந்து. வூட்டுக்குச் சொல்றேன்" என்று இரண்டு பஜ்ஜியைக் கையில் கொடுத்து உட்கார வைத்து, நோட்டீசில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டிருக்கிறார், அது அப்பாவின் எண், அப்பாவின் சட்டைப் பையிலேயே அடித்தது, அப்பா வாயில் பஜ்ஜியோடு எடுத்து "அலோ" என்றிருக்கிறார், அடுப்படியிலிருந்து மாஸ்டர், "ஐயா, கவலப்படாதீங்க, உங்காளு கெடச்சிட்டாரு, என் எதுர்லதான் பஜ்ஜி துன்னுகினு கீறாரு."

கடையே சிரித்ததாம். மாஸ்டர் மட்டும் சிரிக்காமல் கேட்டிருக்கிறார்: "அண்ணே, உன் தம்பி நெசமாவே இந்தச் சட்டதான் போட்டுகினு போனாரா?"

அப்பா மீதி பஜ்ஜியை வைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டார்.

"டெய்லரு எத்தினி சட்ட குட்த்தாரு?"

"பதினொண்ணு. துணி பத்தலன்னாரு."

"நாம எத்தினி பேரு?"

அம்மா விரல் மடக்கினாள். ஒன்றிலிருந்து இரண்டு முறை. பன்னிரண்டு.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொரு பேர், பதினொரு சட்டை. கீழே, மண்ணில், எடுத்தவரின் நிழல் விழுந்திருக்கிறது. கையைத் தூக்கியபடி. நிழலில் சட்டையின் நிறம் தெரியவில்லை.

கொடுக்காத சட்டையைக் காட்டி உங்களைத் தேடியிருக்கிறோம். அதைப் படிக்கக் கேட்டுத்தான் நீங்கள் படவேட்டிலேயே தங்கிவிட்டீர்கள். முதலில் ஏன் போனீர்கள் என்பதும் இப்போது புரிகிறது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று அப்பா கத்தினார். அது உங்களைத் திட்டியது இல்லை, தன்னையே.

கடையில் அந்தத் துணி தீர்ந்துவிட்டது. அப்பா தன் சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறார். "என்னுத அவனுக்குக் குடு. ரெண்டு பேரும் ஒரே அளவுதான்." காய்ந்ததும் இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். அடுத்த மாதம் அண்ணன் கல்யாணம். நீங்கள் இல்லாமல் பத்திரிகை அடிக்க மாட்டேன் என்கிறார் அப்பா. வாசற்படிக்கு மேலே சாக்கு சுற்றியிருக்கிறோம், இனி தலையில் அடிபடாது.

அம்மாவும் அண்ணனும் உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள். அப்பாவோ நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நிற்கிறார். தோப்பில் பாம்பு இருக்கும், பார்த்து நடங்கள்.

என்றும் உங்கள் மகளாக,
சுவேதா

பி.கு. மேலே கேட்டதை விட்டுவிடுங்கள். சட்டையை மடிக்கும்போதுதான் உறைத்தது. அந்த நோட்டீசை உண்மையாக்கத்தான் உங்களை அதில் நுழைந்து வரச் சொல்கிறேன். தப்பு மறுபடியும் அதேதான். நீங்கள் வர வேண்டாம். என்ன போட்டிருந்தீர்கள் என்று பாஞ்சாலை அத்தையிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம்.

சட்டையைத் திரும்பக் கொடியில் போட்டேன். போனையும் இந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு படவேடு பஸ் ஏறினேன்; இந்த முறை உங்களைப் படம் நான் எடுக்கிறேன். அப்பாவும் ஏறினார், பனியனோடு.