மைக்கைப் பிடிக்காத ஹலோ

உயிரோடு டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவரை மைக்கிலேயே கொன்றவன் நான். ஆட்டோவில் மைக் கட்டிச் சாவு அறிவிக்கப் போனபோது, செத்தவர் பெயருக்குப் பதிலாக, தகவல் சொல்லிவிட்ட மகன் பெயரை வாசித்துவிட்டேன். அந்த மகனே டீ கிளாஸோடு வந்து ஆட்டோவை மறித்தார். "அண்ணே, சாயங்காலம் என்னைய எடுக்கிறீகளாமே. குளிச்சிட்டு வந்துர்றேன்."

மைக்செட் வாடகைக்கு விடுகிறவன் வாயையும் சேர்த்து வாடகைக்கு விட்டால் இப்படித்தான். இத்தனைக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கு மேலே கடைசி ஏலக்காய்த் தோட்டம் வரைக்கும் ஈடு கிடையாத ஒரு குரல் என் கடையிலேயே வயர் சுற்றிக்கொண்டிருந்தது. தன் குரலுக்குத் தானே பயந்த ஒரே மனிதன் அவன். பெயர் ஹலோ.

"ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்" என்பான். போகிற மாடு நின்று திரும்பிப் பார்க்கும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசச் சொன்னால் ஆளைக் காணாது. கோயில் விழாவில் வரவேற்புரை பேசச் சொன்னதற்கு ஜெனரேட்டருக்குப் பின்னால் ஒளிந்து, சட்டையைக் கருக்கிக்கொண்டு வந்தான்.

சிலமலை பேச்சியம்மா, தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவள், தினமும் என் கடை வாசலில்தான் ஜீப்புக்கு நிற்பாள். "டேய் ஹலோ, நான் செத்தா நீதான்டா சொல்லணும். ஒங்க மொதலாளி சொன்னா நான் எந்திரிச்சு வந்துருவேன்" என்பாள்.

"சாகாம இருந்துக்க ஆத்தா. எனக்குப் பேச வராது."

அவள் கேட்கவில்லை. போன மழையில், தோட்டத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

சிலமலையில் நான்தான் அறிவித்தேன். "காலஞ்சென்ற முத்தையாவின் மனைவியும், கருப்பசாமியின் தாயாருமானவர் இயற்கை எய்தினார்." பொம்பளை செத்தால் இங்கே எப்போதும் அப்படித்தான் சொல்வது.

பின்சீட்டிலிருந்து ஹலோ, "பேரு?" என்றான்.

"யாரு பேருடா?"

"செத்த ஆளு பேருண்ணே."

"அதான் தாயாருன்னு சொல்லியாச்சுல்ல."

மைக்கைப் பிடுங்கிவிட்டான். பிடுங்கின வேகத்தில் மைக் பல்லில் இடிக்கிற சத்தம் ஊருக்கே கேட்டது. வாய் பழக்கதோஷத்தில் "ஹலோ... ஹலோ... மைக் டெஸ்ட்" என்றது. நான் சிரிக்கத் தயாரானேன்.

"பேச்சியம்மா செத்துப்போச்சு. மலையில காய் எடுக்கிற பேச்சியம்மா. நீங்க பாயசத்துல போடுற ஏலக்கா அது எடுத்ததுதான். சாயங்காலம் எடுக்கிறாக. எல்லாரும் வெரசா வாங்க."

கதவுகள் திறந்தன. சில பேருக்கு அவள் பெயரே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஹலோ இறங்கி வாய்க்கால் ஓரமாக வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு ஏறி, "அடுத்து ராசிங்காபுரத்துக்கு விடுங்கண்ணே" என்றான்.

அப்புறம் சாவு என்றாலே ஹலோதான். செத்தவர் பெயரும் அவர் பார்த்த சோலியும் சொல்லாமல் ஆட்டோ நகராது. வாழ்நாளெல்லாம் சும்மா திரிந்த ஒருவருக்குக்கூட, "பஸ்சுல ஊருக்கே சீட்டுப் பிடிச்சுக் கொடுத்தவரு" என்று ஒன்றைத் தேடிப் பிடித்தான்.

அதற்கு ஊர் நல்ல மரியாதை செய்தது. கல்யாண வீட்டில் மைக் டெஸ்ட் பண்ணக்கூட அவனை விடவில்லை. ராசிங்காபுரத்தில் பெண் பார்க்கப் போனான். வாசலில் நின்று "வணக்கம்" என்றதும் பெண்ணின் அப்பா பதறிப்போய், "யாருப்பா போயிட்டாக?" என்றார். காப்பிகூட வரவில்லை. தங்கள் சாவுக்கு அந்தக் குரல் வேண்டும் என்று சொல்லிவைத்தவர்களுக்கும், உயிரோடு இருக்கிறபோது தங்கள் வீட்டில் அது கேட்க மனசில்லை.

"விட்டுத் தொலைடா. பழையபடி வயரைச் சுத்து" என்றேன்.

"இல்லண்ணே. என் சோலி இதுதான்னு தெரிஞ்சுபோச்சு. பயம் போகலை. பயந்துக்கிட்டே பாக்க வேண்டியதுதான்."

இன்றைக்கும் ஒவ்வொரு அறிவிப்புக்கும் வாந்தி எடுக்கிறான். எலுமிச்சம்பழம் வாங்கி வைப்பதும் ஆட்டோ ஓட்டுவதும் என் வேலை. அவன் குரல் இன்னும் கொஞ்சம் கேட்கட்டும் என்று ஒவ்வொரு தெருவிலும் மெதுவாகத்தான் போகிறேன். அவனிடம் இஞ்சின் கோளாறு என்று சொல்லியிருக்கிறேன்.

போன வாரம் டீக்கடையில், எப்போதும்போல் விளையாட்டாகக் கேட்டேன். "நான் போனா என்னடா சொல்லுவ?"

ஹலோ டீயைக் குடித்து முடித்தான்.

"பேரு சொல்லிருவேண்ணே. என்ன செஞ்ச ஆளுன்னுதான் ரொம்ப நாளா யோசிக்கிறேன், ஒண்ணும் சிக்கலை. வெரசா ஏதாச்சும் ஆரம்பிங்க."