அதிரசமும் ஒரு சிட்டிகைத் திருநீறும்

ஊருக்கு உபதேசம் செய்வதில் எனக்கு ஒரு சுகம் உண்டு. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் சொல்லாவிட்டாலும் என் நாத்தனார் தேவகி உங்களிடம் சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இன்னும் நாலு விஷயம் சேர்த்துச் சொல்லுவாள்.

புக்கிட் பெலிம்பிங்கில் எனக்கு ஒரு தையல் கடை. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பாதிப் பெண்களின் நெஞ்சளவு எனக்கு மனப்பாடம். யாருக்கு ஏறியது, யாருக்கு இறங்கியது, யார் பழைய அளவைச் சொல்லி ஏமாற்றப் பார்க்கிறார்கள் எல்லாம் தெரியும். (சொல்ல மாட்டேன். தொழில் தர்மம்.) அதனால் ஏழு வருஷத்துக்கு முன்னால், கிள்ளானில் ஒரு மருத்துவமனை நாற்பது தாண்டிய பெண்களுக்கு, மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் மெமோகிராம் படம் எடுக்கிறது என்று செய்தி வந்ததும், ஊர்ப் பெண்களை அழைத்துப் போகும் பொறுப்பை யாரும் கேட்காமலேயே என் தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. பத்துப் பேரைச் சேர்த்தேன். ஒரு வேன் பேசினேன்.

தேவகியை மட்டும் அசைக்க முடியவில்லை. என் கணவரின் தங்கை, பக்கத்துத் தெருவில்தான் வீடு. டாக்டரிடம் நாக்கை நீட்டுவதற்கே கூச்சப்படுகிறவள்.

“எனக்கு வேணாம் லா அண்ணி. முன்ன பின்ன தெரியாதவங்க முன்னால எப்படி?”

“அந்தப் பொண்ணு ஒரு நாளைக்கு முப்பது பேரப் பாக்குது. உன்னுதப் பாத்து மயங்கி விழப் போகுதா? கிளம்புடி.”

கிளம்பினாள். அண்ணி சொன்னால் தட்ட மாட்டாள். அந்த நல்ல குணத்தை நான் எதற்கெல்லாம் பயன்படுத்தியிருக்கிறேன் என்பது பின்னால் வரும்.

போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் கடையில் எல்லாரையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தேன். “நெஞ்சுல, அக்குள்ல ஒண்ணும் போடக்கூடாது. பவுடர், சென்ட், ரோல்-ஆன் எதுவும் ஆகாது. அதெல்லாம் படத்துல வெள்ளை வெள்ளையாப் புள்ளி விழும். டாக்டர் வேற என்னமோன்னு நெனச்சிடுவாங்க. புரிஞ்சுதா?” மறுநாள் காலையில் வேன் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துத்தான் ஏற்றினேன். முத்தம்மா அக்கா மட்டும் மல்லிகைப் பவுடரில் முழுகி வந்திருந்தார். அறுபது வயதுக்காரர் என்றும் பார்க்காமல் திருப்பி அனுப்பிக் கழுவி வரச் சொன்னேன். வேன் இருபது நிமிஷம் காத்திருந்தது.

“போலீஸ் வேலைக்குப் போக வேண்டியவடி நீ,” என்று திட்டிக்கொண்டே ஏறினார்.

மருத்துவமனையில் முன்பக்கம் திறக்கிற அங்கியைக் கொடுத்தார்கள். கழுத்து வெட்டு சரியில்லை, நாடா தப்பான இடத்தில் இருக்கிறது என்று விமர்சனம் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். தேவகி உள்ளே போனபோது நடுங்கினாள். வெளியே வந்தபோது சிரித்தாள். “இவ்ளோதானா அண்ணி? ஒரு நிமிஷம் அமுக்கினாங்க, வலிச்சுச்சு, விட்டுட்டாங்க. இதுக்கா ராத்திரி தூங்காம கெடந்தேன்!”

அடுத்தது நான்தான்.

ஊரிலுள்ள பெண்கள் எல்லாருக்கும் அளவெடுத்த எனக்கு, என்னை ஒருவர் தொட்டுப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் உறைத்தது. உள்ளே ஏதாவது இருந்துவிட்டால்? என் பெரியம்மா இப்படித்தான் யாரிடமும் சொல்லாமல் மூடி மூடி வைத்திருந்து போய்ச் சேர்ந்தார். சட்டென்று எழுந்து கழிப்பறைக்குப் போனேன். கைப்பையில் மாரியம்மன் கோயில் திருநீறு ஒரு பொட்டலம் எப்போதும் இருக்கும். ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் இட்டேன். பயம் போகவில்லை. இன்னொரு சிட்டிகை எடுத்து, “தாயே, பாத்துக்கோ” என்று அங்கிக்குள் கைவிட்டு இடது பக்கம் அடியில் நன்றாகத் தேய்த்துவிட்டேன். (பவுடரா? அந்த எண்ணமே வரவில்லை. சாமி எப்படிப் பவுடர் ஆகும்?)

படம் எடுக்கிற மலாய்ப் பெண் தங்கமானவள். “பவுடர், ரோல்-ஆன் ஏதாவது போட்டிருக்கீங்களா?” என்று மலாயில் கேட்டாள்.

“நானா? பத்துப் பேருக்குப் பாடம் எடுத்துக் கூட்டிட்டு வந்ததே நான்தான்!” என்று எனக்குத் தெரிந்த மலாயை எல்லாம் திரட்டிப் பெருமையடித்தேன். பாவம், நம்பிவிட்டாள். மெஷினின் இரண்டு தட்டுக்கும் நடுவில் வைத்து அமுக்கி, மூச்சை அடக்கச் சொன்னாள். நான் அடக்கிய அடக்கில், படம் எடுத்து முடிந்த பிறகும் விடவில்லை. “புவான், மூச்சு விடலாம்” என்று அவள் மரியாதையாக அம்மணி போட்டு இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, கடையில் ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மற்ற பத்துப் பேருக்கும் ஒன்றும் இல்லையாம். என்னை மட்டும் வியாழக்கிழமை மறுபடி வரச் சொன்னார்கள். இடது பக்கப் படத்தில் ஏதோ புள்ளிகள் தெரிகின்றன, தெளிவாக இன்னொன்று எடுக்க வேண்டும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னால் பயப்படாமல் யாரால் இருக்க முடியும்? நல்ல பட்டுத் துணியில் இரண்டு இடது கை வெட்டி வைத்தேன்.

என் கணவர் சேகர் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். சாப்பிடும்போது சொன்னேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு, “வியாழக்கிழம நான் லோரி எடுக்கல. கூட வர்றேன்,” என்றார். பிறகு எழுந்து போய் எல்லாத் தட்டுகளையும் கழுவினார். கல்யாணமாகி இருபது வருஷத்தில் அவர் தட்டுக் கழுவி நான் பார்த்ததில்லை. போச்சு, நம் கதை முடிந்தது என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது.

சாகப் போகிறவளுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும் இல்லையா? செவ்வாய்க்கிழமை, ஒரு தடவைதான் கட்டியிருந்த அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டை எடுத்துக்கொண்டு தேவகி வீட்டுக்குப் போனேன்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் ஓவென்று அழுதாள். நானும் அழுதேன். சேலையை மடியில் வைத்ததும் இன்னும் சத்தமாக அழுதாள்.

“ஏன் அண்ணி இப்படியெல்லாம் பேசுறீங்க? உங்களுக்கு ஒண்ணும் ஆகாது.”

“இரு தேவகி. இன்னொண்ணு சொல்லணும். சொல்லாமப் போனா என் கட்ட வேகாது.” மூக்கைத் துடைத்துக்கொண்டேன். “அதிரசத்துக்குக் கடை மாவு ஆகாதுடி.”

அழுகை நின்றது.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. நான் மருமகளாக வந்த புதிதில், என் அம்மா வீட்டு முறையில் செய்த அதிரசத்தை என் மாமியார் வாயில் போட்டுவிட்டு, “இவ கைக்கு யாரும் வர முடியாது” என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சொந்த மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் அந்த வீட்டில் எனக்கு இருந்த சிம்மாசனம். பிற்பாடு தேவகிக்குக் கல்யாணமாகி, வந்து பக்குவம் கேட்டபோது எனக்கு மனசு வரவில்லை. “கடை மாவே போதும்” என்று சொல்லி அனுப்பினேன். அதோடு பதினாலு தீபாவளி போய்விட்டது. எண்ணெயில் போட்டால் அவள் அதிரசம் உதிர்ந்து போகும், இல்லையென்றால் கல்லாகும். ஒவ்வொரு வருஷமும் என் அதிரசத்தைத் தின்றுவிட்டு, “எனக்குக் கை ராசியே இல்ல அண்ணி” என்பாள். நானும் “எல்லாருக்கும் வராதுடி” என்பேன். படுபாவி நான்.

“ஈர மாவு போடணும்,” என்றேன். “பச்சரிசிய ஊற வெச்சு, நிழல்ல உலர்த்தி, கையில ஈரம் ஒட்டும்போதே அரைக்கணும்.”

தேவகி சேலையை மடியிலிருந்து தள்ளி வைத்தாள்.

“என் மாமியார் என்னா சொன்னாங்க தெரியுமா? என் அதிரசத்த வெச்சுச் செவுத்துல ஆணி அடிக்கலாம்னாங்க. சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னால.”

“தெரியும்டி.”

“யூடியூப்ல கூட ஈர மாவுன்னுதான் சொன்னாங்க. எங்க அண்ணி எனக்குப் பொய் சொல்ல மாட்டாங்க, அந்தப் பொம்பளைக்குத்தான் தெரியலன்னு நெனச்சேன்.”

அன்றைக்கு ஆஸ்பத்திரி போனைவிட அந்த வார்த்தைதான் எனக்கு வலித்தது.

தேவகி கண்ணைத் துடைத்தாள். சேலையை எடுத்து உள்ளே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தாள். “முதல்ல நல்லபடியா பொழச்சு வாங்க அண்ணி,” என்றாள். “மத்தத அப்பறம் பேசிக்கலாம்.”

வியாழக்கிழமை சேகர் கார் ஓட்ட, தேவகி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் என் கையை விடவும் இல்லை.

போன தடவைவிடப் பயம் அதிகம். ஆகவே திருநீறும் அதிகம். இந்த முறை பொட்டலத்தோடு உள்பாடிக்குள் செருகியிருந்தேன். அதே மலாய்ப் பெண் முன்னால் ஆடையைத் தளர்த்தியதும் பொட்டலம் நழுவிக் கீழே விழுந்து, பிரிந்து, அவள் காலில் போட்டிருந்த கறுப்புச் சப்பாத்தின் மேல் கொட்டியது.

“இது என்ன, புவான்?”

“சாமி சாம்பல்,” என்றேன்.

அவள் சப்பாத்தைப் பார்த்தாள், என் நெஞ்சைப் பார்த்தாள், பிறகு திரையில் இருந்த பழைய படத்தைப் பார்த்தாள். “போன தடவையும் பூசியிருந்தீங்களா?”

“கொஞ்சூண்டு. ஒரு சிட்டிகை.”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்.” சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. முத்தம்மா அக்காவைத் திருப்பி அனுப்பியதும், வேன் வாசலில் மோந்து பார்த்ததும் வரிசையாக ஞாபகம் வந்தன. பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன்.

அந்தப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னாள். போதாதென்று அவளே ஒரு தடவை துடைத்தாள். மறுபடி படம் எடுத்தார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, “சுத்தமா இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு வாங்க. சாமிய வெளிய விட்டுட்டு வாங்க,” என்றார்.

வெளியே சேகரும் தேவகியும் நின்றுகொண்டிருந்தார்கள். சேகரின் முகத்தில் ரத்தமே இல்லை. “ஒண்ணுமில்லிங்க,” என்றேன். “அது... திருநீறு.”

முதலில் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் தேவகி என்னைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அத்தனை பேர் நடமாடும் இடத்தில், கூச்சப்படுகிற தேவகி! நானும் அழுதேன். அப்புறம் அவள் நிமிர்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“பொழச்சிட்டீங்க இல்ல?” என்றாள். “இப்ப பேசலாமா?”

கிள்ளானிலிருந்து புக்கிட் பெலிம்பிங் வரைக்கும் பேசினாள். பதினாலு தீபாவளியையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். காப்பார் தாண்டும்போது நான்காவது தீபாவளிதான் முடிந்திருந்தது. சேகர் வாயே திறக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தார். ஜெராம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அந்த வருஷத் தீபாவளிக்கு தேவகி அதிரசம் செய்தாள். ஈர மாவில் செய்தாள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. (சத்தியமாகச் சொல்கிறேன், பொறாமையோடுதான் சொல்கிறேன்.) காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்தாள். சேலையைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை. ரவிக்கை எங்கே தைத்தாய் என்று கேட்டேன். கிள்ளானில் ரெடிமேட்டாக வாங்கினேன் என்றாள். தீபாவளித் தையலில் முழுகிக் கிடக்கிற அண்ணிக்கு இன்னும் வேலை வைக்கக் கூடாது என்று நினைத்திருப்பாள் போல என்று எனக்குள் உருகிப் போனேன்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வேன் இன்னமும் போகிறது. வாசலில் இப்போது தேவகிதான் நிற்கிறாள். என் கைப்பையைக் கவிழ்த்துப் பார்த்துத்தான் ஏற்றுகிறாள். முத்தம்மா அக்கா பின்சீட்டிலிருந்து, “நல்லாத் தேடு, உள்ள எங்கயாச்சும் வெச்சிருப்பா,” என்று குரல் கொடுப்பார்.

போன வருஷம் தேவகிக்குப் போன் வந்தது. வலது பக்கம் இன்னொரு படம் வேண்டுமாம். அன்று சாயங்காலமே ஒரு பையோடு என் கடைக்கு வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. பையைத் திறந்து என் காஞ்சிபுரத்தைத் தையல் மெஷின் மேல் வைத்தாள். அதன் மேல் அந்த ரவிக்கையை வைத்தாள்.

“அண்ணி, இது ரெடிமேட் இல்ல. தஞ்சோங் காராங்ல ஒரு அக்காகிட்டத் தெச்சேன். எட்டு வருஷமா அங்கதான் தெக்கிறேன். உங்க தையல்ல எனக்கு அக்குள் எப்பவும் இறுக்கிப் பிடிக்கும். சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு...”

எட்டு வருஷமாம்! என் நாத்தனார், என் கடைக்குப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு, தஞ்சோங் காராங் வரைக்கும் போயிருக்கிறாள். எனக்கு ரத்தம் கொதித்தது. நிமிர்ந்து பார்த்தால், வெறும் பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“முதல்ல நல்லபடியா பொழச்சு வாடி,” என்றேன். “மத்தத அப்பறம் பேசிக்கலாம்.”

அவளுக்கும் ஒன்றும் இல்லை. படம் எடுக்கும்போது அசைந்துவிட்டாளாம். திரும்பி வரும்போது கிள்ளானில் ஆரம்பித்தேன், வீடு வரைக்கும் விடவில்லை. “ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்தாத்தான் நம்ம வீட்டுப் பொம்பளைங்க வாயில உண்மை வருது,” என்று சேகர் இன்றைக்கும் யார் வந்தாலும் சொல்லிச் சிரிக்கிறார்.

அவள் ரவிக்கையை வைத்துவிட்டுப் போன அன்று சாயங்காலமே அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அக்குள் வெட்டு அவ்வளவு சுத்தம். எனக்கு அப்படி வராது. இதை நான் இன்னும் தேவகியிடம் சொல்லவில்லை. அடுத்த தடவை எனக்குப் போன் வரட்டும், பார்க்கலாம்.